‘ரன்’ என்னும் வினைச்சொல்: நேர்ப்பொருளும் விரிபொருளும்



மொழி கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் சொற்பொழிவு இது. எனவே வகுப்பறையில் அன்றாடம் புழங்கும் ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லை இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து: ‘ரன்’. நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே இதைக் கற்றுவிடுகிறார்கள். கரும்பலகையில் ‘ரன்’ என்று எழுதி, பக்கத்தில் சமக்குறி போட்டு, ‘ஓடு’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறோம்.

பல ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை ஓர் ஆங்கிலக் கதையைப் படிக்கிறது. அதில் ஒரு பெண் மருந்துக்கடையை ‘ரன்’ செய்கிறாள். அவள் குழந்தை காய்ச்சலை ‘ரன்’ செய்கிறது. கடைக்குப் பின்னால் ஒரு வேலி ஆறு வரைக்கும் ‘ரன்’ செய்கிறது. அவளுடைய அண்ணன் மேயர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறான். இந்தப் பத்தியில் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பத்தி புரியவில்லை. தெரியாத சொல் எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டலாம் என்று தோன்றும். தெரிந்த சொல்லுக்கு யார் அகராதியைப் புரட்டுவார்கள்? அயல்மொழி கற்பவர்களைத் தடுக்கி விழச்செய்வது அருஞ்சொற்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் அவர்களை அதிகம் தடுக்குவது இந்த எளிய வினைகள்தாம்.

நேர்ப்பொருள் என்று ஒன்று நடுவே உட்கார்ந்திருக்கிறது, மற்றவையெல்லாம் அதன்மேல் பூசிய அலங்காரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ‘ரன்’ அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. வாழ்க்கையில் புதிதாக எது வந்தாலும் ஆங்கிலேயர் அதற்குப் புது வினை தேடாமல், கையிலிருந்த இந்தப் பழைய வினையிடமே வேலையை ஒப்படைத்தார்கள். அந்த வேலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படிக் கிளைத்தன என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அகராதிக்காரர்கள் பட்ட பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1755 ஏப்ரலில் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வெளிவந்தது. லண்டனில் கஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் எழுத்தர் சிலரை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை அது. அதன் முன்னுரையில், எல்லைகட்டிப் பொருள் சொல்ல முடியாமல் தம்மைத் திணறடித்த வினைகள் சிலவற்றை வரிசையாகக் குறிப்பிடுகிறார். அத்தனையும் குழந்தை வாயில் வரும் சொற்கள்: வா, போ, கொடு, எடு, வை, செய் என்பவற்றுக்கு நிகரானவை. அந்த வரிசையில் ‘ரன்’னும் இருக்கிறது. ‘டேக்’ என்ற வினைக்கு மட்டும் அவர் 134 பொருள் பிரித்தார்.

அடுத்து ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. 1857-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பேச்சாகத் தொடங்கி, 1879-இல் ஜேம்ஸ் மர்ரே பொறுப்பேற்று, 1884-இல் முதல் பகுதி வந்து, 1928-இல்தான் முடிந்த பெருமுயற்சி. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் நூல்களைப் படித்து, சொல் ஆளப்பட்ட தொடரைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். மர்ரே தம் தோட்டத்தில் தகரக் கொட்டகை எழுப்பி, சீட்டுகளைப் புறாக்கூடு போன்ற அறைகளில் அடுக்கினார். 1915-இல் அவர் காலமானபோது வேலை முடிந்திருக்கவில்லை. எழுத்துகளை ஆசிரியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ‘ரன்’ அடங்கிய எழுத்து வில்லியம் கிரெய்கியின் பங்கு. ‘செட்’ என்ற வினை ஹென்ரி பிராட்லிக்குப் போனது.

அன்றைக்கு அந்த அகராதியிலேயே நீளமான பதிவு ‘செட்’தான். 1989-இல் இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்தபோதும் அதுவே முதலிடம். தனி வினைக்கு மட்டும் சுமார் 430 பொருள். பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி தொடங்கியது. 2000-இல் ‘மேக்’ முந்தியது. 2007-இல் ‘புட்’ முந்தியது. 2011-இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் இந்த ஒற்றை வினைக்காக ஒன்பது மாதம் உழைத்தார். வினைச்சொல்லாக மட்டும் அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645.

இந்த எண்ணைக் கேட்டவுடன் வியப்பு வருவது இயல்பு. ஆனால் நான் அந்த எண்ணுக்கு அதிக மதிப்புத் தருவதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தலைமையில் உருவான ‘வேர்ட்நெட்’ என்ற கணினிச் சொல்வலை இதே வினைக்கு 41 பொருள்தான் காட்டுகிறது. இரண்டும் தவறல்ல. ஆறு ஓடுவதும் கண்ணீர் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா என்று கேட்டால் இரண்டு பதிலுக்கும் நியாயம் உண்டு. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, பொருள் எப்படி நகர்கிறது என்பதைக் கவனிப்போம்.

முதலில் நேர்ப்பொருள். காலால் விரைந்து செல்வது. இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். வேகமாக நடப்பதற்கும் ஓடுவதற்கும் எங்கே கோடு போடுவது? ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பினால் அது ஓட்டம் என்பது வழக்கமான விடை. நடைப்போட்டியில் நடுவர்கள் பார்ப்பது இதைத்தான். கால் தரையைப் பிரிவது கண்ணுக்குத் தெரிந்தால் எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்டு மய்பிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக வைத்து, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்பும் ஒரு கணம் அந்தரத்தில் இருப்பதைப் படமாக்கிக் காட்டினார்.

சரி, யானை? யானை எவ்வளவு வேகமாகச் சென்றாலும் நான்கு காலையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுப்பதில்லை. 2003-இல் ஜான் ஹட்சின்சனும் உடனிருந்த ஆய்வாளர்களும் தாய்லாந்து யானைகளை அளந்து, அவை மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகம் வரை போவதைப் பதிவு செய்து, இதை ஓட்டம் என்பதா என்று ‘நேச்சர்’ இதழில் கேள்வி எழுப்பினார்கள். அந்தரத்தில் எழும்பும் கணம் இல்லை. ஆனால் உடலின் அசைவு ஓட்டத்தைப் போல இருக்கிறது. காட்டோர ஊர்க்காரர் ‘யானை ஓடி வருது’ என்று கத்தும்போது அவருக்கு இந்த ஐயம் கிடையாது. நேர்ப்பொருள் என்று நாம் நம்பியிருக்கும் இடத்திலேயே எல்லை இவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினை காலால் ஓடுவதை மட்டும் குறிக்கவில்லை. தண்ணீரும் இரத்தமும் ஓடுவதற்கும் இதே சொல்தான். ஜெர்மன் மொழியில் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து இன்றும் வாழ்கிறது: ‘ரென்னன்’ என்றால் ஓடுதல், ‘ரின்னன்’ என்றால் ஒழுகுதல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. ஆகவே நீர் ஓடுவது, கால் ஓடுவதிலிருந்து பிற்காலத்தில் பிறந்த உருவகம் என்று சொல்ல முடியாது. நமக்குக் கிடைக்கும் சான்றுகளின் தொடக்கத்திலேயே இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. பாலாடைக்கட்டிக்காகப் பாலைத் திரிக்கப் பயன்படும் பொருளை ஆங்கிலத்தில் ‘ரென்னட்’ என்கிறார்கள். திரியும்போது பால் ஒன்றாக ஓடிச் சேர்கிறது என்று பார்த்த பழைய கண் அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது.

நீரின் பக்கமிருந்து வந்தவையே வீட்டுக்குள் நாம் கேட்கும் பயன்கள். குழாய் ‘ரன்’ ஆகிறது, மூக்கு ‘ரன்’ ஆகிறது, துவைத்த துணியில் சாயம் ‘ரன்’ ஆகிறது, உருகிய மெழுகு ‘ரன்’ ஆகிறது. குளியல் தொட்டியை நிரப்புவதையும் ‘குளியலை ரன் செய்வது’ என்பார்கள். குழாய் ஓடுகிறது, அதனால் தொட்டி நிறைகிறது, வினை தொட்டிக்கே ஒட்டிக்கொள்கிறது. நம் இலக்கணம் ஆகுபெயர் என்று பெயரில் காட்டும் பொருள்மாற்றத்துக்கு இது நெருங்கிய உறவு. இந்த இடத்தில் தமிழ் வேறு வழியில் போகிறது. மூக்கு நமக்கு ஒழுகும், ஓடாது. சாயம் போகும், ஓடாது.

ஆங்கில வரலாற்றில் இன்னொரு கலப்பும் நடந்திருக்கிறது. தானாக ஓடுவதற்கு ஒரு வினையும், ஒன்றை ஓடச்செய்வதற்கு அதிலிருந்து பிறந்த இன்னொரு வினையும் பழைய ஆங்கிலத்தில் தனித்தனியே இருந்தன. நாம் ஓடு, ஓட்டு என்றும் நட, நடத்து என்றும் தன்வினை பிறவினை பிரிக்கிறோமே, அதுபோல. காலப்போக்கில் அந்த இரண்டும் ஒரே ‘ரன்’னில் கரைந்தன. குதிரையும் ‘ரன்’ செய்யும். குதிரையைப் பந்தயத்தில் விடுபவரும் அதை ‘ரன்’ செய்வார். இரண்டையும் பிரித்துக் காட்டும் விகுதி ஏதும் ஆங்கிலத்தில் மிஞ்சவில்லை. பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்பதை வைத்துத்தான் கேட்பவர் கண்டுகொள்ள வேண்டும். தமிழ் மாணவர் இடறுவது இந்த இடத்தில்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அவருடைய தாய்மொழியில் வினையின் வடிவமே காட்டிவிடும் வேறுபாட்டை, ஆங்கிலம் சொல்லின் இருப்பிடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். நம் பாடநூல்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

அடுத்து இயந்திரம். 1830 செப்டம்பரில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை திறக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே கப்பல்கள் காற்றின் போக்கில் ‘ரன்’ செய்தன. சக்கரங்கள் ‘ரன்’ செய்தன. ரயில் அந்த வினையை வாங்கிக்கொண்டு அதில் ஒரு புது நுட்பத்தைச் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை இந்த ரயில் ‘ரன்’ ஆகாது என்ற அறிவிப்பில் அசைவு பேசப்படவில்லை. ஓர் ஏற்பாடு பேசப்படுகிறது. கால அட்டவணையும் ஊழியரும் பயணச்சீட்டும் சேர்ந்த அமைப்பு செயல்படுகிறதா என்பதுதான் கேள்வி. ‘இந்த ரூட்ல ராத்திரி பஸ் ஓடாது’ என்று நாமும் இதே நுட்பத்தோடு சொல்கிறோம்.

பிறகு, இருந்த இடத்தை விட்டு நகராத இயந்திரங்களுக்கும் வினை போய்ச் சேர்ந்தது. ஆலையில் பட்டறை ‘ரன்’ ஆகிறது. மின்விசிறி, மோட்டார், குளிர்பெட்டி எல்லாம் ‘ரன்’ ஆகின்றன. இடம்பெயர்தல் உதிர்ந்து, இடைவிடாத இயக்கம் மட்டும் மிஞ்சுகிறது. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்தில் சேமித்த நிரல் ஒன்றைச் சோதனைக் கணினி முதன்முறையாகச் செயல்படுத்தியது. விடை வர 52 நிமிடம் ஆனது. அந்தச் செயலுக்கும் பெயர் ‘ரன்’. அங்கே சுழலும் சக்கரம்கூட முக்கியமில்லை. கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுகின்றன, அவ்வளவுதான்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் வரலாற்றை எழுதிய சைமன் வின்செஸ்டர், 2011-இல் இந்த வினையின் வெற்றியைப் பற்றி எழுதினார். ‘செட்’ அமைதியான காலத்தின் சொல், ‘ரன்’ பரபரப்பான நம் காலத்தின் சொல் என்பது அவர் பார்வை. அழகான கருத்து, நான் பாதி ஏற்கிறேன். இயந்திரமும் கணினியும் இந்த வினைக்கு நிறைய வேலை கொடுத்தது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு இந்த வினை தகுதியாக இருந்ததற்குக் காரணம் வேகம் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்றுவிடாமல் தொடர்வது என்ற நீரின் குணம் ஆதியிலிருந்தே இதற்குள் இருந்தது. சுவர்க்கடிகாரம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அது ‘ரன்’ செய்கிறது என்பதில் ஆங்கிலேயருக்கு ஐயமில்லை.

கடை, பள்ளி, விடுதி, அரசு ஆகியவற்றை ‘ரன்’ செய்வது இந்த வழியில் வந்ததே. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க எழுத்துகளில் இந்தப் பயன் தலைகாட்டுகிறது. தொழிற்சாலை ஓர் இயந்திரமாகவும், அதை இயக்குபவர் முதலாளியாகவும் ஆகிவிட்ட காலம். நாமோ கடையை நடத்துகிறோம், பள்ளியை நடத்துகிறோம், குடும்பத்தையும் நடத்துகிறோம். ஆங்கிலேயர் ஓட்டுவதை நாம் நடக்கவைக்கிறோம். இரண்டு மொழியும் காலின் அசைவிலிருந்தே நிர்வாகத்தைக் கட்டியிருக்கின்றன, வேகம்தான் வேறு. ‘குடும்பம் எப்படியோ ஓடுது’ என்று சொல்லும்போது நாமும் ஓட்டத்துக்கு வந்துவிடுகிறோம், ஆனால் அங்கே நடத்துபவர் மறைந்து, தானாக ஓடுகிறது என்ற ஆறுதலோ அலுப்போ வந்து சேர்கிறது. ‘நடத்துகிறேன்’ என்பவரின் குரலும் ‘ஓடுது’ என்பவரின் குரலும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பாளர் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

எதுவும் நகராத இடத்திலும் இந்த வினை நிற்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேலி தோட்டத்தைச் சுற்றி ‘ரன்’ செய்கிறது. சுவரில் விரிசல் மேலிருந்து கீழாக ‘ரன்’ செய்கிறது. அறிக்கை முந்நூறு பக்கத்துக்கு ‘ரன்’ செய்கிறது. லியனார்டு டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இதற்குக் கற்பனை அசைவு என்ற கருத்தை வகுத்தார். பொருள் அசையவில்லை, பார்ப்பவரின் கண்ணோ மனமோ அதன் நெடுகப் பயணம் செய்கிறது. இது வெறும் விளக்கம்தானா, உண்மையிலேயே மனத்தில் நடக்கிறதா? டீனி மாட்லாக் 2004-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு விடை சொல்கின்றன. படிப்பவர்களுக்கு முதலில் ஒரு பயணக் கதை தரப்பட்டது. சிலருக்கு மெதுவான பயணம், சிலருக்கு விரைவான பயணம். சிலருக்கு நெடுந்தூரம், சிலருக்குக் குறுகிய தூரம். சிலருக்குக் கரடுமுரடான நிலம், சிலருக்குச் சமமான நிலம். பிறகு, சாலை பாலைவனத்தின் ஊடே ‘ரன்’ செய்கிறது என்பது போன்ற தொடர். மெதுவான, நீண்ட, கடினமான பயணத்தைப் படித்தவர்களுக்கு அந்தத் தொடரைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் பிடித்தது. இத்தகைய அசைவு இல்லாத தொடர்களில் அந்த வேறுபாடு தென்படவில்லை. சாலை ஓடவில்லை என்பது படிப்பவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மனம் அதன்மீது பயணம் போய்விட்டுத்தான் வருகிறது. விரிபொருள் என்று நாம் ஒதுக்குவதில் இவ்வளவு உயிர் இருக்கிறது.

தமிழும் இந்தப் பயணத்தைச் செய்கிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, வேர் கிணறு வரைக்கும் ஓடியிருக்கிறது என்போம். சாலைக்கு மட்டும் பெரும்பாலும் போகிறது என்று சொல்கிறோம்.

இடத்தில் நீள்வது காலத்திலும் நீளும். குத்தகை 99 ஆண்டுக்கு ‘ரன்’ செய்கிறது; நாடகம் அரங்கில் ‘ரன்’ செய்கிறது. அகதா கிறிஸ்டியின் ‘தி மௌஸ்டிராப்’ லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து நிறுத்தும்வரை ஓடி, மறு ஆண்டு மே மாதம் மீண்டும் தொடங்கியது. நமக்கும் படம் ஓடும். 1944-இல் வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டு ஓடியதைத் திரை ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். படச்சுருள் ஓடுவதால் வந்த வழக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். காலம் ஓடுவதும் பிழைப்பு ஓடுவதும் தமிழில் படச்சுருளை நம்பி இருக்கவில்லை என்பதால், அந்த ஒரே காரணம் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேர்தலில் போட்டியிடுவதற்கு ‘ரன்’ என்பது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவியது. பந்தயக் குதிரையின் நினைவு அதில் இருக்கிறது. துணை அதிபர் வேட்பாளருக்கு அங்கே வழங்கும் பெயரும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததே. பிரிட்டனில் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். நம் ஊரிலும் ‘எலெக்சன்ல நிக்கிறார்’ என்பதுதான் வழக்கு. அட்லாண்டிக்கின் இரு கரையில் ஒரே மொழி பேசுகிறவர்களே ஒரே செயலை ஒரு பக்கம் ஓட்டமாகவும் மறுபக்கம் நிற்றலாகவும் பார்க்கிறார்கள் என்பதை மாணவருக்குக் காட்டுவது நல்லது.

வங்கியின்மீது ‘ரன்’ என்பதையும் சொல்ல வேண்டும். வினையிலிருந்து பிறந்த பெயர் இது. ஒரு வங்கி நொடிக்கப்போகிறது என்ற அச்சத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பது. 2007 செப்டம்பர் 14 அன்று பிரிட்டனில் நார்தன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் திரண்டார்கள். முந்தைய மாலையில்தான், இங்கிலாந்து வங்கியிடம் அது அவசர உதவி கேட்டிருக்கிறது என்ற செய்தி வெளியாகியிருந்தது. 1866-இல் ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் வீழ்ந்த பிறகு பிரிட்டன் காணாத காட்சி. செய்தித்தாள் படங்களில் யாரும் ஓடவில்லை. பொறுமையாக வரிசையில் நின்றார்கள். ஓடியது பணம், அதைவிட முன்னால் ஓடியது நம்பிக்கை. இந்த இடத்தில் ‘ஓட்டம்’ என்று தமிழில் எழுதினால் வாசகர் குழம்புவார். வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள் என்று செயலையே விரித்துச் சொல்வதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு.

கிரிக்கெட்டால் ‘ரன்’ தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆடுகளத்தின் இரு முனைக்கும் இடையே ஓடுவதில் பிறந்த பெயர், பிறகு புள்ளியின் பெயராயிற்று. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு ‘ரன்’. நாம் இன்னும் ஒரு படி போய் ‘நூறு ரன் அடிச்சான்’ என்கிறோம். ஓட்டம் அடிக்கப்படுகிறது! ஒரு சொல் வேரிலிருந்து எவ்வளவு தூரம் வந்தாலும் பேசுவோருக்குச் சிரமம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஏன் குழம்புவதில்லை? 645 பொருளையும் மனப்பாடம் செய்தா பேசுகிறார்? தொல்காப்பியர் இந்தக் கேள்விக்கு வழி காட்டியிருக்கிறார். பலபொருள் ஒருசொல்லின் பொருள் அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிவாகும் என்று கிளவியாக்கத்தில் வரையறுக்கிறார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. பெயருக்கு அவர் சொன்னதை ஆங்கில வினைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ‘ரன்’ செய்வது மூக்கு என்றால் ஒழுகல், வேலி என்றால் நீட்சி, வேட்பாளர் என்றால் போட்டி. 20-ஆம் நூற்றாண்டில் ஜே.ஆர். ஃபிர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர், சொல்லை அதனுடன் சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். லாகூரில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர் அவர். ஃபிர்த் தொல்காப்பியத்தைப் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மொழியை உற்றுக் கவனித்த இருவர் ஒரே உண்மையைக் கண்டிருக்கிறார்கள்.

ஆடம் கில்காரிஃப் 1997-இல் ஒரு கட்டுரையில், சொற்பொருள்கள் தனித்தனியாக எண்ணத்தக்கவையாக இருப்பதைத் தாம் நம்பவில்லை என்று தலைப்பிலேயே அறிவித்தார். இத்தனைக்கும் அகராதிப் பணியிலேயே வாழ்ந்தவர். அவர் சொல்வது, சொல்லின் பயன்கள்தாம் இருக்கின்றன, நாம் அவற்றை நம் தேவைக்கேற்பக் கொத்துகளாக்குகிறோம் என்பது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அகராதியின் எண்களை இயற்கையின் எல்லைகளாக மாணவர் எண்ணிவிடக் கூடாது.

அயலாருக்காக ஆங்கில அகராதி செய்தவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே மாணவர் படும் சிரமத்தைப் பார்த்து, ஒவ்வொரு வினையும் எந்தத் தொடரமைப்பில் வரும் என்பதைக் காட்டும் அகராதியைத் தோழர்களோடு தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் அது வெளிவந்தது. பின்னர் ஆக்ஸ்போர்டு வெளியிட்டு, நம் கல்லூரி மாணவர் பலர் கைக்கு வந்த பெரிய கற்போர் அகராதிக்கு அதுவே மூலம். 1987-இல் பர்மிங்ஹாமில் ஜான் சிங்க்ளேர் தலைமையில் வந்த ‘கோபில்ட்’ அகராதி, மக்களின் எழுத்தையும் பேச்சையும் கணினியில் திரட்டி ஆராய்ந்து, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. யார், எதை ‘ரன்’ செய்கிறார் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடும்.

தமிழில் நமக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்திலிருந்து எடுத்துக்காட்டு தந்து தமிழ் வினைகளின் பயன்களைப் பிரித்துக் காட்டியது. ‘ஓடு’ என்ற வினையை அதில் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டு மரபும் ஒன்றுசேர்ந்த ஓர் ஆங்கிலம்–தமிழ் வினையகராதி, பள்ளி மாணவருக்கென்று, நமக்கு வேண்டும். எளிய வினைகள் நூறு எடுத்துக்கொண்டாலே போதும்.

அதற்குப் பெரிய நிறுவனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மர்ரேயின் சீட்டுமுறை நம் கல்லூரிகளுக்கும் பொருந்தும். ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து ஒரு பருவத்துக்கு ஒரு வினையை எடுத்துக்கொள்ளட்டும். மாணவர் ஒவ்வொருவரும் தாம் படிக்கும் செய்தித்தாளிலிருந்தும் கதையிலிருந்தும் அந்த வினை வரும் தொடரைச் சீட்டில் எழுதட்டும். மேலே எழுவாய், அடுத்துச் செயப்படுபொருள் இருந்தால் அது, அதன்கீழ் முழுத் தொடர், கடைசியில் தம் ஊர்ப் பேச்சில் அதை எப்படிச் சொல்வார்கள் என்பது. மூக்கு ஒழுகுது, காய்ச்சல் அடிக்குது, கடை நடத்துறாங்க, எலெக்சன்ல நிக்கிறார், வேர் ஓடியிருக்கு, காசு தீர்ந்துபோச்சு. சீட்டுகளை எழுவாய் வாரியாக அடுக்கிப் பார்த்தாலே பொருள்கள் தாமாகக் கூடிக்கொள்வதை மாணவர் காண்பார்கள். ‘ரன்’னை முதல் வினையாக எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்து ‘டேக்’, பிறகு ‘செட்’. எந்தக் கல்லூரி தொடங்கினாலும் சீட்டுகளைச் சரிபார்த்துத் தர நான் வருகிறேன்.